ஐந்து மகள்களைச் சிறிய எழுத்தில் அச்சிட்ட கொடிவழி

பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலம் எதுவும் வந்து சேர வாய்ப்பில்லாத நான்காம் மகனாகப் பிறந்து, எழுபது வயதளவில் சிறுவனான ஓர் அரசனின் சார்பில் அந்த நாட்டையே ஆண்டவர் வில்லியம் மார்ஷல். அவருடைய குலமரபை ஒரே தாளில் காட்டும் கொடிவழிப் படம் ஒன்றையும், அதனுடன் வரும் வாழ்க்கை வரலாற்றுக் கையேட்டையும் சென்ற ஆண்டு அஞ்சல் வழியாக வாங்கினேன். வரலாற்று வரைபடங்களும் குலமரபுப் படங்களும் மட்டுமே அச்சிடும் ஒரு சிறிய ஆங்கிலப் பதிப்பகத்தின் வெளியீடு இது. விலை, அஞ்சல் செலவு நீங்கலாக, 28 பவுண்டு. பல மாதங்கள் அதைச் சுவரில் மாட்டி வைத்துப் படித்தேன். கையேட்டைப் பையில் எடுத்துக்கொண்டு லண்டன் டெம்பிள் தேவாலயத்துக்கும் வேல்ஸ் எல்லையிலுள்ள செப்ஸ்டோ கோட்டைக்கும் போய் வந்தேன். அதன் பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். படம் அழகாக இருக்கிறது. கையேட்டின் முதற்பாதி மிக நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இந்தக் குலம் 1245ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது என்று இந்தப் படம் சொல்கிறது. அது உண்மையல்ல என்பதே இந்த மதிப்புரையில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது.

பொருளின் தன்மையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படம் நான்கடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்டது. தடித்த தாளின் பின்புறம் துணி ஒட்டப்பட்டிருப்பதால் சுருட்டி விரித்தாலும் மடிப்பு விழுவதில்லை. மேல் இடது மூலையில் மார்ஷல் குடும்பத்தின் கேடயச் சின்னம், பாதி பொன்னிறமும் பாதி பச்சையுமான களத்தில் எழுந்து நிற்கும் சிவப்புச் சிங்கம், பெரிதாக வரையப்பட்டிருக்கிறது. முதலில் வந்த படி உருளையோடு நசுங்கி வந்தது. எழுதிக் கேட்டதும் பதினைந்து நாட்களுக்குள் மாற்றுப்படி அனுப்பினார்கள், கூடுதல் பணம் எதுவும் கேட்கவில்லை. அந்த அளவில் அவர்களுடைய சேவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

படம் கில்பர்ட் என்னும் பாட்டனாரிலிருந்து தொடங்குகிறது. அரச மாளிகையின் குதிரைகளையும் ஒழுங்கையும் கவனிக்கும் மார்ஷல் பதவி அவரிடம் இருந்தது. அந்தப் பதவிக்குப் போட்டி வந்தபோது கில்பர்ட்டும் அவருடைய மகன் ஜானும், முதலாம் ஹென்றி காலத்தில், இரு தரப்பும் போரிட்டு முடிவு காணும் வழக்குமுறையில் வென்று அதைத் தக்கவைத்துக்கொண்டார்கள். பதவியின் பெயரே குடும்பத்தின் பெயராக மாறிய இந்தத் தொடக்கத்தைப் படம் சரியாகக் காட்டுகிறது. ஆனால் அடுத்த தலைமுறைக்கு வந்தவுடனேயே ஒரு பெரிய விடுபாடு நேர்ந்திருக்கிறது. ஜானுக்கு இரண்டு தாரங்கள். மூத்த தாரமான அலீன் பிப்பார்டுக்குக் கில்பர்ட், வால்ட்டர் என இரு மகன்கள். அவரை விலக்கிவிட்டு மணந்த இளைய தாரமான சாலிஸ்பரி குடும்பத்துச் சிபில் வயிற்றில் ஜான், வில்லியம், ஹென்றி, ஆன்செல்ம் ஆகியோர் பிறந்தார்கள். படத்தில் மூத்த தாரமும் இல்லை, மூத்தாள் மக்களும் இல்லை. ஆகவே வில்லியம் இரண்டாம் மகன் போலத் தோற்றமளிக்கிறார். இரண்டாம் மகனுக்கும் நான்காம் மகனுக்கும் இடையிலுள்ள தூரம்தான் இவருடைய இளமையின் கதை முழுவதும். மூத்த மகனுக்கே எல்லாம் என்னும் வழக்கத்தில், தமக்கு முன்னால் மூன்று அண்ணன்கள் நின்றதால்தான் அவர் நார்மண்டியில் டாங்கர்வில் பிரபுவின் வீட்டுக்குப் போர்ப்பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். வாள் ஒன்றைத் தவிர வேறு உடைமை இல்லாதவராக வளர்ந்தார். கையேட்டில் இந்தச் செய்தி இருக்கிறது. படத்தில் இல்லாததால், படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த இளமையின் வறுமை புரியாது.

தமிழில் படிப்பவராகிய நமக்கு மட்டும் உறுத்தக்கூடிய இன்னொரு குறையும் இங்கேயே இருக்கிறது. சாலிஸ்பரி பிரபு பாட்ரிக், வில்லியமின் தாய் சிபிலோடு உடன்பிறந்தவர். அதாவது வில்லியமுக்குத் தாய்மாமன். தந்தையின் உடன்பிறந்தாரையும் தாயின் உடன்பிறந்தாரையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிப்பதால், கையேட்டின் நடைப்பகுதியில் பாட்ரிக் எந்த வழியில் உறவு என்பது தெளிவாகவில்லை. படத்திலோ தாய்வீட்டுக் கிளையே வரையப்படவில்லை. 1168ஆம் ஆண்டு பிரான்சிலுள்ள புவாத்தூவில் அந்தத் தாய்மாமனோடுதான் வில்லியம் பயணம் செய்தார். லூசின்யான் குடும்பத்தாரின் பதுங்குத் தாக்குதலில் மாமன் கண்ணெதிரே கொல்லப்பட்டார். மருமகன் தனியே நின்று போரிட்டுத் தொடையில் காயம்பட்டுச் சிறைப்பட்டார். அவரை மீட்கப் பணம் கொடுத்தவர் அரசி எலினார். அரண்மனையின் கதவு அவருக்குத் திறந்தது அன்றுதான். தந்தை வழியில் கிடைத்தது பெயர் மட்டுமே. வாழ்க்கை கிடைத்தது தாய்மாமன் வழியில். அந்தக் கிளையை வரையாமல் விட்டது வெறும் இடப்பற்றாக்குறையால் நேர்ந்தது என்று ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை, ஏனெனில் அதே இடத்தில் நான்கு விரற்கடை அகலத்துக்கு இலைக்கொடி அலங்காரம் வரையப்பட்டிருக்கிறது.

கையேட்டின் 72 பக்கங்களில் முதல் நாற்பதை மனமாரப் பாராட்டுகிறேன். 1152ஆம் ஆண்டு நியூபரி முற்றுகையை எழுதியிருக்கும் விதம் அதில் சிறந்தது. அரசர் ஸ்டீபனிடம் ஜான் தம் மகன் வில்லியமைப் பிணையாகக் கொடுத்துவிட்டு, பின் வாக்கை மீறிக் கோட்டைக்குள் ஆளும் உணவும் சேர்த்துக்கொண்டார். மகனைத் தூக்கிலிடுவோம் என்று சொல்லியனுப்பியபோது, இதைவிட நல்ல மகன்களை உருவாக்கும் சுத்தியலும் பட்டறைக்கல்லும் இன்னும் தம்மிடம் இருக்கின்றன என்று பதில் சொன்னதாக மரபு. பிள்ளைக்கு வயது ஐந்து அல்லது ஆறு. ஸ்டீபன் அந்தக் குழந்தையைக் கொல்ல மனமில்லாமல் தம்முடன் வைத்துக்கொண்டார். இந்த நிகழ்ச்சியைப் பலர் ஒரு தந்தையின் கல்மனத்துக்குச் சான்றாக மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். கையேட்டின் ஆசிரியரோ அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன், 1141இல், வெர்வெல் மடத்தின் தேவாலயம் எரிந்தபோது உருகி வழிந்த ஈயத்தால் அதே ஜான் ஒரு கண்ணை இழந்ததை முன்னால் வைத்து, உள்நாட்டுப் போரில் எவ்வளவு தூரம் இறுகிப்போன மனிதர் அவர் என்பதைக் காட்டிய பிறகே முற்றுகைக்கு வருகிறார். மன்னிக்கச் சொல்லவில்லை, புரிந்துகொள்ள வைக்கிறார்.

போர்விளையாட்டுப் பந்தயங்களைப் பற்றிய பகுதியும் அதே தரத்தில் இருக்கிறது. இரண்டாம் ஹென்றியின் மகனும் 1170ஆம் ஆண்டு தந்தை உயிரோடிருக்கும்போதே முடிசூட்டப்பட்டவருமான இளைய ஹென்றியின் படைக்குழுவில் வில்லியம் சேர்ந்தார். அந்தக் காலத்துப் பந்தயம் என்பது வேலியிட்ட களத்தில் இருவர் மோதும் காட்சியன்று; ஊர்களுக்கு இடைப்பட்ட திறந்த வெளியில் நூற்றுக்கணக்கானோர் மோதி, எதிரியைச் சிறைபிடித்து, அவருடைய குதிரையையும் கவசத்தையும் மீட்புப் பணத்தையும் பெறும் ஒரு தொழில். ரோஜர் டி கோஜி என்பவரோடு கூட்டுச் சேர்ந்து வில்லியம் பத்து மாதங்களில் 103 வீரர்களைச் சிறைபிடித்தார் என்பதை இளைய ஹென்றியின் சமையற்கட்டுக் கணக்கர் விகேன் எழுதிவைத்திருந்தார். இந்த ஒரு குறிப்பிலிருந்து, ஒரு குதிரையின் பயன் என்ன, மீட்புப் பணம் எப்படிப் பேசி முடிக்கப்பட்டது, கூட்டாளிகள் எப்படிப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்று ஒரு முழு வாழ்க்கைமுறையைக் கையேடு எடுத்துரைக்கிறது. சாகுந்தறுவாயில் தாம் ஐந்நூறு வீரர்களைச் சிறைபிடித்ததாக அவரே சொன்னதை இதன் அருகில் வைத்துப் படிக்கும்போது அந்த எண் வெறும் பெருமையாகத் தோன்றவில்லை.

எனினும் ஓர் எச்சரிக்கையைக் கையேடு தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். இந்த நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை, வில்லியம் இறந்தபின் அவருடைய மூத்த மகன் 1220களில் எழுதச் செய்த, 19,214 அடிகள் கொண்ட ஆங்கிலோ நார்மன் செய்யுள் வரலாற்றிலிருந்து வருகின்றன. மகன் பொருள் கொடுத்துத் தந்தையைப் பற்றி எழுதச் செய்த நூல் அது. ஜான் அரசருக்கும் வில்லியமுக்கும் இடையே நடந்த பூசல்களில் குற்றம் எப்போதும் அரசர் பக்கமே இருப்பதற்கும், 1182ஆம் ஆண்டு இளைய ஹென்றியின் மனைவி மார்கரெட்டோடு தொடர்புபடுத்தி எழுந்த பழி முழுக்கப் பொறாமைக்காரர்களின் சூழ்ச்சியாகவே காட்டப்படுவதற்கும் அதுவே காரணமாகலாம். அந்த நூலின் பெயரைக் கையேடு ஒரே ஓர் இடத்தில் சொல்லிவிட்டு, மற்ற எல்லா இடங்களிலும் அதன் கூற்றையே நடந்த செய்தியாக எழுதிச் செல்கிறது.

1189ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நடந்த திருமணத்தை ஒட்டிய பகுதியில்தான் படம் தன் முழுத் திறமையையும் காட்டுகிறது. மணமகள் இசபெல் டி கிளேர், ஸ்ட்ராங்போ என்று பெயர்பெற்ற பெம்புரோக் பிரபு ரிச்சர்டின் மகள். தாய் ஈஃபா, அயர்லாந்தின் லென்ஸ்டர் நாட்டு அரசர் டயர்மட் மக்மரோவின் மகள். மணமகனுக்கு நாற்பதைக் கடந்த வயது, மணமகளுக்கு ஏறத்தாழ பதினேழு. வில்லியமின் பெயரை ஒட்டி வரும் பெருமைகள் எல்லாம், செப்ஸ்டோ கோட்டையும், லென்ஸ்டர் ஆட்சியுரிமையும், 1199இல் ஜான் அரசர் முடிசூடிய நாளில் கிடைத்த பெம்புரோக் ஏர்ல் பட்டமும், இந்தப் பெண்ணின் வழியாகவே வந்தன என்பதைப் படம் கண்ணுக்குப் புலப்படும்படி செய்திருக்கிறது. வில்லியமின் பக்கம் ஒல்லியான ஒற்றைக் கோடு கீழிறங்க, இசபெல்லின் பக்கம் நான்கு தலைமுறைகள் விரிந்து நின்று, ஒவ்வொரு நிலத்தின் பெயரும் பச்சை மையில் ஒவ்வொரு கோட்டின் மேல் எழுதப்பட்டிருக்கிறது. குலமரபு வரைபவர் ஒருவர் இதைவிட நன்றாக இந்தச் செய்தியைச் சொல்லிவிட முடியாது. இதே கவனத்தை அடுத்த தலைமுறைக்கும் கொடுத்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம்தான் என்னை இவ்வளவு விரிவாக எழுத வைக்கிறது.

இந்தத் தம்பதியருக்கு ஐந்து மகன்கள், ஐந்து மகள்கள். பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களைப் பார்த்தால் அது தற்செயலாகத் தெரியவில்லை. பாட்டனார் பெயரைச் சுமப்பவன் என்பதால்தான் தமிழில் பேரன் என்ற சொல்லே பிறந்தது என்பார்கள். அந்தக் கருத்து இந்தக் குடும்பத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. இரண்டாம் மகன் ரிச்சர்டுக்குத் தாய்வழிப் பாட்டனாரின் பெயர். கில்பர்ட், வால்ட்டர், ஆன்செல்ம் ஆகிய மூன்றும் தந்தையின் உடன்பிறந்தாருடைய பெயர்கள். முதலாமது கொள்ளுப்பாட்டனாருக்கும் உரியது. சிபில் தந்தைவழிப் பாட்டியின் பெயரைத் தாங்கியவள். ஈவா? அது தாய்வழிப் பாட்டியான ஈஃபாவின் பெயரேதான். ஐரிஷ் மொழிப் பெயரை இலத்தீன் ஆவணங்கள் ஈவா என்று எழுதின. படமோ பாட்டியை ஐரிஷ் எழுத்துமுறையிலும் பேத்தியை இலத்தீன் முறையிலும் எழுதிவிட்டு விளக்கம் எதுவும் தராமல் விட்டதால், லென்ஸ்டர் அரசமகள் ஒருத்தியின் பெயர் அவளுடைய பேத்திக்கு இடப்பட்டது என்னும் அருமையான செய்தி காணாமல் போய்விட்டது. மூத்தாள் மக்களான கில்பர்ட்டையும் வால்ட்டரையும் முன்பே விட்டுவிட்டதால், அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதும் படத்தில் தெரிவதில்லை.

செப்ஸ்டோவில் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபோது அது நன்றாகவே துணைசெய்தது. வை ஆற்றின் மேல் நிற்கும் பாறையில் நீண்டு கிடக்கும் அந்தக் கோட்டையின் வாயிலுக்கு வில்லியம் காலத்தில் பொருத்தப்பட்ட மரக்கதவுகள், 1190களுக்குப் பிற்பட்டவை அல்ல என்று மரத்தின் வளர்ச்சி வளையங்களைக் கொண்டு காலம் கணிக்கப்பட்டவை, இப்போது மழை வெயில் படாமல் உள்ளே வைக்கப்பட்டிருக்கின்றன. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அவரும் இசபெல்லும் கடந்துபோன அதே கதவு என்று நினைக்கையில் எனக்குச் சற்று நேரம் பேச்சே எழவில்லை. பெம்புரோக் கோட்டையின் பெரிய வட்டக் கோபுரத்தைப் பற்றியும் கையேட்டில் நல்ல வரைபடம் உண்டு.

அயர்லாந்து பற்றிய பகுதி மட்டும் மிகவும் மெலிந்துவிட்டது. 1207ஆம் ஆண்டு ஜான் அரசரின் விருப்பமின்மையையும் மீறி அங்கே சென்று தங்கியதும், நியூ ராஸ் ஊரை உருவாக்கியதும், கில்கென்னியைத் தலைமையிடமாக்கியதும், கடலில் புயலிலிருந்து தப்பியதற்கு நேர்த்திக்கடனாக வெக்ஸ்ஃபோர்டில் ஒரு மடம் நிறுவியதும் மூன்று பக்கங்களில் முடிந்துவிடுகின்றன. கருவுற்றிருந்த இசபெல் கில்கென்னியில் இருந்து நிலத்தைக் காத்துக்கொண்டிருக்க, கணவர் இங்கிலாந்துக்கு அழைக்கப்பட்டு அரசவையில் காத்துக்கிடந்த அந்த மாதங்களுக்கு ஒரு முழு அத்தியாயமே கொடுத்திருக்கலாம். லென்ஸ்டர் அவளுடைய பிறந்த வீட்டுச் சொத்து. அதை அவள் காத்தாள் என்பதே பிற்காலப் பங்கீட்டுக்கெல்லாம் அடிப்படை.

1215ஆம் ஆண்டு மேக்னா கார்ட்டா எனப்படும் மாபெரும் உரிமைச் சாசனப் பேச்சில் வில்லியம் அரசரின் பக்கமும், அவருடைய மூத்த மகன் சாசனத்தைக் காக்க நியமிக்கப்பட்ட இருபத்தைந்து பிரபுக்களில் ஒருவராக எதிர்ப்பக்கமும் நின்றார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஜான் அரசர் இறந்து, அவருடைய ஒன்பது வயது மகன் மூன்றாம் ஹென்றிக்குக் குளோஸ்டரில் முடிசூட்டியபோது, நாட்டின் பாதி பிரெஞ்சு இளவரசர் லூயியின் கையில் இருந்தது. அந்த நிலையில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர் வில்லியம். எதிரிகள் கேட்ட அதே சாசனத்தைச் சில மாற்றங்களோடு அரசன் பெயரில் 1216இலும் 1217இலும் தாமே மறுபடி வெளியிட்டார். 1217 மே 20ஆம் நாள் லிங்கனில் போரை நேரில் நின்று நடத்தினார். முதியவர் களத்துக்குப் பாய்ந்த வேகத்தில் தலைக்கவசம் அணிய மறந்ததை உடனிருந்த சிறுவன் நினைவூட்டிய காட்சியைக் கையேடு சுவையாக எழுதுகிறது. ஆனால் குலமரபு நோக்கில் அன்றைய மிக முக்கியமான செய்தி வேறொன்று. எதிரணியில் நின்று அந்தப் போரில் சிறைப்பட்டவர்களில் கில்பர்ட் டி கிளேர் ஒருவர். அதே ஆண்டு அவர் வில்லியமின் மகள் இசபெல்லை மணந்தார். களத்தில் பிடிபட்டவர் சில மாதங்களில் மருமகனானார். உள்நாட்டுப் போர் எப்படி ஆறியது என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான கோடு ஒரு கொடிவழிப் படத்துக்குக் கிடைக்காது. படத்தில் அந்தத் திருமணத்துக்கு ஆண்டுகூடக் குறிக்கப்படவில்லை.

1219 மே 14ஆம் நாள் ரெடிங் அருகிலுள்ள கேவர்ஷமில் வில்லியம் இறந்தார். நோயில் கிடந்த நாட்களில் பாட வேண்டும் போலிருக்கிறது, ஆனால் பாடினால் பித்து என்பார்கள் என்று தயங்கிய தந்தைக்காக மகள்கள் பாடியதையும், கடைக்குட்டி ஜோன் வெட்கப்பட்டுப் பாடியதைத் தந்தை திருத்திச் சொல்லிக்கொடுத்ததையும் அந்தச் செய்யுள் வரலாறு பதிந்திருக்கிறது. மணமாகாத ஜோனை எண்ணி அவர் கவலைப்பட்டதையும் அது சொல்கிறது. கையேடு இந்தப் பகுதியை இரண்டே வரிகளில் கடக்கிறது. டெம்பிளர் என்னும் போர்த்துறவியர் சபையில் துறவியாக உறுதி ஏற்றதையும் அரசியல் ஒப்படைப்பையும் மட்டும் விரிவாகச் சொல்கிறது. இரண்டும் வேண்டியவைதாம். எனினும் பின்னாளில் குலத்தைத் தாங்கப் போகிறவர்கள் அந்தப் படுக்கையருகில் பாடிய பெண்கள்தாம் என்பதை நினைக்கும்போது, அந்தப் பாட்டுக்கு இடம் கொடுக்காதது மனத்தைத் தைக்கிறது.

டெம்பிள் தேவாலயத்தின் வட்டக் கூடத்தில் அவருடைய கற்சிலையைப் பார்க்கப் போனபோது கையேட்டின் கடைசி அத்தியாயத்தை அங்கேயே அமர்ந்து படித்தேன். 1941 மே மாதக் குண்டுவீச்சில் கூரை எரிந்து விழுந்து சிதைந்த சிலைகளில் அதுவும் ஒன்று. முகம் தேய்ந்திருந்தாலும் கையும் வாளும் இன்னும் தெரிகின்றன. அந்த அத்தியாயம் மகன்களைப் பற்றியது. மூத்தவர் வில்லியம் 1231இல் இறந்தார். அவர் மணந்திருந்த எலினார், மூன்றாம் ஹென்றியின் தங்கை, அப்போது பதினாறு வயதுக் கைம்பெண். ரிச்சர்ட் அரசரோடு மோதி, 1234இல் அயர்லாந்தின் கில்டேர் அருகே பட்ட காயத்தால் மாண்டார். கில்பர்ட் 1241இல் போர்விளையாட்டு ஒன்றில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். வால்ட்டரும் ஆன்செல்மும் 1245ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மாத இடைவெளியில் அடுத்தடுத்து மறைந்தார்கள். ஐவருக்கும் முறைப்படி பிறந்த வாரிசு இல்லை.

இதற்குக் காரணமாகக் கையேடு ஃபெர்ன்ஸ் ஆயரின் சாபத்தை முன்வைக்கிறது. தம் இரண்டு நிலங்களை வில்லியம் பறித்துக்கொண்டார் என்று அந்த ஐரிஷ் ஆயர் அவரைச் சபையிலிருந்து விலக்கியதும், தந்தை இறந்தபின் மகன் நிலத்தைத் திருப்பித்தர மறுத்தபோது ஒரே தலைமுறையில் இந்தப் பெயர் அழியும் என்று சபித்ததும் மாத்யூ பாரிஸ் என்ற துறவி எழுதிவைத்த கதை. மகன்கள் எல்லாரும் அடங்கிப்போன பிறகு எழுதப்பட்ட கதைகளில் சாபம் பலிப்பது வியப்பல்ல. போர்க்காயமும், குதிரை விபத்தும், நோயும் கண்முன்னே இருக்கையில் ஒரு பதிப்பகம் அதைக் காரணமாகவே அச்சிட்டிருக்கக் கூடாது. அதைவிட முக்கியம், அந்தக் கதை பலித்ததாகச் சொல்ல வேண்டுமானால் மகள்களைக் குலமாக எண்ணாமல் விட வேண்டும். படம் அதைத்தான் செய்திருக்கிறது. ஐந்து மகன்களின் பெயரும் பெரிய எழுத்தில்; ஆன்செல்முக்குக் கீழே ஒரு கருப்புச் சிலுவை; அதன் அடியில் கால்வழி முடிந்தது என்ற அறிவிப்பு. மகள்கள் ஐவரும் வலது ஓரத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடி தேடும் அளவுக்குச் சிறிய எழுத்தில், கணவர் பெயரோடு நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்.

அந்த ஐவரின் கதையைச் சொல்லாமல் இந்தப் பொருளைப் பற்றிய என் மதிப்பீட்டை விளக்க முடியாது. மூத்தவர் மாட், நார்ஃபோக் பிரபு ஹியூ பைகாடை மணந்து, அவர் இறந்தபின் சர்ரி பிரபு வில்லியம் டி வாரெனை மணந்தார். படம் இரண்டாம் திருமணத்தை விட்டுவிட்டதால், வாரென் குலத்தின் அடுத்த தலைவரான ஜான் இந்தக் குடும்பத்துப் பிள்ளை என்பதே தெரியாமல் போகிறது. இரண்டாமவர் இசபெல், கில்பர்ட் டி கிளேர் 1230இல் இறந்தபின் அடுத்த ஆண்டு அரசரின் தம்பி கார்ன்வால் பிரபு ரிச்சர்டை மணந்தார். அந்தத் திருமணம் நடந்த ஒரு வாரத்தில்தான் அண்ணன் வில்லியம் இறந்தார். சிபில், டெர்பி பிரபு குடும்பத்து வில்லியம் டி ஃபெரர்ஸை மணந்து ஏழு பெண்களைப் பெற்றார். ஈவாவின் கணவர் வில்லியம் டி பிரயோஸை 1230ஆம் ஆண்டு வேல்ஸ் அரசர் லிவெலின் தம் மனைவியின் அறையில் பிடித்துத் தூக்கிலிட்டார். அப்படியிருந்தும் ஈவாவின் மகள் இசபெல், லிவெலினின் மகன் டாவிட்டுக்கே மனைவியானாள். நான்கு பெண் குழந்தைகளோடு கைம்பெண்ணாக நின்ற ஈவா பிரயோஸ் நிலங்கள் பலவற்றைத் தாமே நிருவகித்தார். தந்தையின் படுக்கையருகில் வெட்கத்தோடு பாடிய ஜோன், வாரின் டி மான்சென்சிக்கு வாழ்க்கைப்பட்டார்.

மூத்த மகனே முழுவதையும் பெறும் அந்த நாட்டுச் சட்டம், மகன் இல்லாதபோது மகள்களுக்குச் சமபங்கு கொடுத்தது. 1245க்குப் பின் மார்ஷல் சொத்து ஐந்து பங்குகளாயிற்று. லென்ஸ்டரை மட்டும் எடுத்துக்கொண்டால் மாட் வழிக்குக் கார்லோ, இசபெல் வழிக்குக் கில்கென்னி, சிபில் வழிக்குக் கில்டேர், ஜோன் வழிக்கு வெக்ஸ்ஃபோர்ட், ஈவா வழிக்கு டனமேஸ் கோட்டையைச் சூழ்ந்த லீஷ். சிபிலின் பங்கு அவருடைய ஏழு மகள்களுக்கும் பிரிந்ததால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் கிடைத்தது முழுமையில் முப்பத்தைந்தில் ஒரு பாகம். பெம்புரோக் ஜோனின் மகளோடு அவளுடைய கணவர் வில்லியம் டி வேலன்ஸிடம் போய்ச் சேர்ந்தது. ஒரு கொடிவழிப் படம் என்ற வடிவம் இருப்பதே இத்தகைய பங்கீட்டை ஒரு பார்வையில் விளக்குவதற்காகத்தான். நிலத்தின் பெயரைக் கோட்டின் மேல் பச்சை மையில் எழுதும் அந்த அருமையான முறை, மிகவும் தேவைப்பட்ட இடத்தில் கைவிடப்பட்டிருக்கிறது.

குருதிவழியை இன்னும் சற்றுத் தொடர்ந்தால் அச்சிட்டவர்கள் எதை இழந்தார்கள் என்பது தெரியும். இரண்டாம் மகள் இசபெல்லின் மகள், தாயின் பெயரையே கொண்டவள், அன்னண்டேல் பிரபு ராபர்ட் புரூஸை மணந்தாள். அவர்களுடைய பேரன்தான் ஸ்காட்லாந்து அரசர் முதலாம் ராபர்ட். ஈவாவின் மகள் மாட், ரோஜர் மார்ட்டிமரை மணந்த வழியில் பல தலைமுறைகள் கழித்து இங்கிலாந்து அரசர் நான்காம் எட்வர்ட் வருகிறார். ஈவாவின் இன்னொரு மகள் எலினார், போகுன் குடும்பத்துக்குப் போன வழியில் ஐந்தாம் ஹென்றியின் தாய் மேரி வருகிறார். பங்கிட முடியாத மார்ஷல் பதவி மூத்தவர் மாட் வழியில் 1246இல் அவருடைய மகன் ரோஜர் பைகாடிடம் சென்று, அந்தக் குடும்பத்தின் கடைசிப் பிரபு 1306இல் பிள்ளையின்றி இறக்கும்வரை அங்கேயே இருந்தது. அதன்பின் அரசரிடம் திரும்பி, புதிய கைகளுக்கு மாறி, இறுதியில் 1672இல் ஹோவர்ட் குடும்பத்துக்குப் பரம்பரை உரிமையாக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவை ஏற்பாடு செய்த நார்ஃபோக் கோமகன் அந்தப் பதவியைத்தான் வகிக்கிறார்.

சிறிய குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கையேட்டில் பெயர் அகராதி இல்லை. ஒரே பெயரில் பல இசபெல்களும் பல கில்பர்ட்களும் உள்ள குடும்பத்துக்கு அது மிகவும் அவசியம். பச்சை மை, மஞ்சள் விளக்கொளியில் படிக்கச் சிரமம் தருகிறது. தாளின் தரம், அச்சின் துல்லியம், கட்டமைப்பு எல்லாம் விலைக்குத் தக்கவையே.

மகள்களின் கிளைகளைப் பற்றிப் பதிப்பகத்துக்கு நான் ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். படிகள் தீர்ந்தபின் மறுபதிப்பில் கவனிப்பதாக மரியாதையான பதில் வந்தது. தேதி எதுவும் சொல்லவில்லை. அதுவரை வாங்க நினைப்பவர்களுக்கு: வில்லியமின் இளமையையும் அவர் மணந்த வீட்டின் பெருமையையும் அறிய விரும்பினால் இந்தப் படத்தையும் கையேட்டையும் தயங்காமல் வாங்கலாம். அவருடைய குலம் என்னவாயிற்று என்று அறிய விரும்புவோர் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

என்னுடைய படியில் இலைக்கொடி அலங்காரம் இருக்கும் இடத்தில் பென்சிலால் ஐந்து கோடுகள் வரைந்து மேற்சொன்ன பெயர்களை எழுதிவைத்திருக்கிறேன். முதற்கோட்டில், மாட் 1248இல் இறந்தபோது டின்டர்ன் மடத்துக்குள் அவருடைய உடலைச் சுமந்து சென்றவர்கள் அவர் பெற்ற நான்கு மகன்கள், மூவர் பைகாட் வழியினர், ஒருவர் வாரென் வழியினர் என்ற குறிப்பையும் சேர்த்திருக்கிறேன்.